எலும்புக்குச் சொல்லியனுப்பிய சேதி

ரத்தம் எடுத்தாகிவிட்டது. முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டு, காலும் தலையும் ஒரே மட்டமாகச் சாய்ந்துவிட்ட அந்தப் பல் ஆஸ்பத்திரிப் பச்சை நாற்காலியில் கலாமணி கிடந்தாள். மூலையில் சோற்றுக் குண்டான் அளவுக்கு ஒரு மெஷின். அதற்குள் அவளுடைய ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. ஊ என்று ஒரே சத்தம், பக்கத்து வீட்டு மிக்சி மாதிரி, ஆனால் தேங்காய் அரைபட்டு முடியவே முடியாத மிக்சி. என் ரத்தம் என்னை இங்கே படுக்கப் போட்டுவிட்டு அது மட்டும் மாரியம்மன் பண்டிகைக்கு ராட்டினம் சுற்றப் போயிருக்கிறது பார் என்று ஓர் எண்ணம் வந்தது. எண்ணம் வந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் கை தானாக வாயைப் பொத்தப் போயிற்று, பஞ்சு கீழே விழுந்தது. இந்தக் கைக்கு வேறு வேலையே கிடையாது. சிரிப்பு தொண்டையில் கிளம்பும்போதே இதுவும் கிளம்பிவிடும். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பழக்கம். ‘பல்லி’ என்று கூப்பிட்டார்களே, பல்லை வைத்தும் கூப்பிட்டார்கள், சுவரில் ஒட்டினாற்போல ஒதுங்கி நிற்பாள் என்பதாலும் கூப்பிட்டார்கள், ரெண்டில் எது என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது முன்பற்கள் உள்ளே போய்விட்டன. கம்பி கட்டி ரெண்டு வருஷமாகப் போகிறது. பொத்திக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதைக் கைக்கு யார் போய்ச் சொல்வது?

டாக்டர் நஸ்ரின் நல்ல பொறுமைக்காரி. வலது பக்கம் பல் பிடுங்கின சந்து அழகாக மூடிவிட்டது, இடது பக்கம் மட்டும் கோரைப்பல் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு நகருவேனா என்கிறது. மாசாமாசம் கம்பியை முறுக்கி, ரப்பரை மாற்றி, எக்ஸ்ரே பார்த்து, கடைசியில் போன தடவை கண்ணாடியைக் கையில் கொடுத்து விளக்கினாள். “பல்லு தானா நகராதுங்க கலாமணி. நாங்க இழுக்கற பக்கம் எலும்பு கரையணும், விட்டுட்டு வந்த பக்கம் புது எலும்பு வளரணும். ரெண்டும் நடந்தாத்தான் நகரும், கட்டாம விட்டா பல்லு ஆடும். உங்க ரத்தத்துலயே வளர்ச்சிக் காரணின்னு சில புரதம் இருக்கு. காயம் பட்டா அதுங்கதான் போய் ஆளைக் கூப்பிடும், இங்க வேலை இருக்கு வாங்கன்னு. ரத்தத்தைச் சுத்தி எடுத்தா அதுங்க இருக்கற தண்ணி மேல மஞ்சளா நிக்கும். அதை ஈறுல ஊசியா போட்டுப் பார்ப்போம்.” கலாமணிக்கு உடனே அண்ணன் வீடு கட்டினபோது வந்த ஆட்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். பழைய சுவரை இடிக்கிற கூட்டம் ஒரு பக்கம், செங்கல் அடுக்குகிற கூட்டம் ஒரு பக்கம், நடுவில் டீ கிளாசோடு மேஸ்திரி. அப்போ நமக்கு இடது பக்கம் மேஸ்திரிதான் வரவில்லை. “போட்டா நகர்ந்துருங்களா டாக்டர்?” என்றாள். “சிலருக்குச் சீக்கிரம் நகருது. சிலருக்குப் பெருசா வித்தியாசம் தெரியல. இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டுத்தான் இருக்கு. சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.” அந்தப் பதில் கலாமணிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவளிடம் வாழ்க்கையில் எல்லோரும் சத்தியம்தான் பண்ணியிருக்கிறார்கள். தை பொறந்தா கல்யாணம் முடிஞ்சுரும் அம்மிணி, குரு பெயர்ந்தா முடிஞ்சுரும் அம்மிணி. இவள் ஒருத்திதான் தெரியாது என்றாள்.

ஊ. மெஷின் சுற்றுகிறது. நாக்கு மெதுவாக இடது பக்கம் போய் அந்தச் சந்தில் உட்கார்ந்துகொண்டது. அங்கே கொண்டுபோகாதீங்க என்று டாக்டர் எத்தனை தரம் சொல்லியாயிற்று, நாங்க ஒரு பக்கம் இழுக்கறோம், உங்க நாக்கு ஒரு பக்கம் தள்ளுது என்று. சரிங்க சரிங்க என்று தலையாட்டுவாள், அந்தப் பக்கம் திரும்பியதும் நாக்கு கன்றுக்குட்டி கட்டுத்தறிக்குப் போவது மாதிரி நேரே அங்கே போய்விடும். வழுவழுவென்று இருக்கும். ஒரு ஆள் எழுந்துபோன நாற்காலியின் சூடு மாதிரி ஏதோ அங்கே இருக்கும். எதையாவது சொல்ல வந்து சொல்லாமல் விட்டால் நாக்கு கட்டாயம் அங்கேதான் போகும், இதை அவளே கவனித்திருக்கிறாள். இன்றைக்கு வழி நெடுக அங்கேதான் கிடந்தது. வழி நெடுக என்றால் அவள் வேலை பார்க்கிற மஞ்சள் மண்டியிலிருந்து பெருந்துறை ரோடு வரைக்கும், தங்கவேல் அண்ணனின் ஸ்கூட்டரில், பின்னால் உட்கார்ந்துகொண்டு. காற்றில் பாதி பறந்துபோக, மீதி பாதி காதில் விழ, அண்ணன் பேசிக்கொண்டே வந்தான். “காங்கயத்துக்காரங்க இன்னிக்குப் பதில் கேட்டிருக்காங்க. அந்தம்மா காலைலயே போன் பண்ணீட்டாங்க. நீ வெளிய வந்ததும் சொல்லு, அப்பவே போன் போட்டர்றேன். என்ன, கேக்குதா?” கேட்டது. “நீ ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்குவேன். வாயைத் தொறந்து சொல்றதுக்கு உனக்கும் கூச்சமா இருக்கும்.” அதுவும் கேட்டது. அண்ணன் கெட்டவன் இல்லை, சாமி சத்தியமாக இல்லை. இன்றைக்குக்கூடக் கடையை விட்டுவிட்டு வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறான். ஆனால் இந்த ஊசி போட்டால் வாய் மரத்துப்போகுமே! உதடு கல்லாகக் கிடக்குமே! அப்புறம் எங்கே சொல்வது? சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். இந்த மெஷின் நிற்பதற்குள் முடிவு பண்ணியாக வேண்டும், டாக்டர் ஊசியைத் தூக்குவதற்குள் எழுந்துபோய்ச் சொல்லியாக வேண்டும். நிற்காதே, சாமி, இன்னும் கொஞ்சம் சுத்து என்று மெஷினைக் கெஞ்சினாள்.

முடிவு பண்ணவேண்டிய நேரம் பார்த்து மனசு பஜ்ஜிக்குப் போய்விட்டது. எட்டு வருஷத்துக்கு முந்தி அதே காங்கயத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது நங்கையா, அதாவது அண்ணன் பெண்டாட்டி, வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தாள். மாப்பிள்ளை பெயர் மகுடேஸ்வரன். நீலச் சட்டை. தலையைக் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாதான் பேச்செல்லாம். “கொஞ்சம் சிரிச்சுக் காட்டு கண்ணு” என்றார். சிரித்துக் காட்டுவதாம்! சந்தையில் மாட்டுக்குப் பல் பிடிப்பார்களே, அது பரவாயில்லை, மாட்டைச் சிரிக்கச் சொல்ல மாட்டார்கள். கலாமணி சிரிக்கத்தான் மாட்டேன் என்று நின்றாள், அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் மாமாவோ யாரோ, ஒரு பெரிய மனுஷர், சூட்டோடு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு உஸ் உஸ் என்று இடமும் வலமுமாகத் தலையாட்டினார். அவ்வளவுதான். வெடித்துவிட்டாள். கை வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. பல் மொத்தமும் வெளியே, கண்ணில் தண்ணீர். அவள் ஆயுசில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி. மூன்றாம் நாள் தரகர் வந்து வாசலில் நின்றபடியே, “எல்லாம் புடிச்சிருக்குதுங்க, பல்லுதான் கொஞ்சம் எச்சா முன்னாடி நிக்குதுன்னு...” என்று இழுத்தார். அப்பா அப்போது இருந்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனசில் முள்ளாக நின்றுபோயிற்று. கிளம்பும்போது அந்த மகுடேஸ்வரன் செருப்பைப் போட்டுக்கொண்டே, முதலும் கடைசியுமாக அவளைப் பார்த்து, “காபி நல்லா இருந்துச்சுங்க” என்றார். எட்டு வருஷமாக அந்தக் காபியை அவள் குடித்துக்கொண்டிருக்கிறாள். அது மரியாதைக்குச் சொன்னதா, பிடித்துச் சொன்னதா, பாவம் என்று சொன்னதா, நம்ம வீட்டில் வேண்டாம் என்பார்கள், எனக்கு அப்படி இல்லை என்று சொன்னதா? இத்தனைக்கும் காபி போட்டது நங்கையா.

காபி நல்லா இருந்துச்சுங்க. ஊ. காபி நல்லா இருந்துச்சுங்க. கண்ணை மூடினால் நாற்காலி லேசாக மிதக்கிற மாதிரி இருக்கிறது, ரத்தம் எடுத்ததாலோ என்னவோ, மேலே விளக்கு ஒரு மஞ்சள் வட்டமாக இமைக்குள்ளே வந்துவிட்டது. மஞ்சள். அவளுக்கு எல்லாமே மஞ்சள்தான். மஞ்சள் மண்டியில் சாம்பிள் பார்க்கிற வேலை அவளுக்கு. மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளித் தட்டில் போட்டு, விரல் நீளத்துக்கு விரலி மஞ்சள் ஒன்றை எடுத்துப் பட்டென்று ஒடித்துக் காட்டினால், உள்ளே நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் விலை சொல்வார்கள். ஒடித்தால்தான் தெரியும். நன்றாகக் காய்ந்ததா, வண்டு விழுந்ததா, எல்லாம். கையெல்லாம், நகமெல்லாம், சோற்றுக்கு உட்கார்ந்தால் சோறெல்லாம் மஞ்சள். உனக்கு மட்டும் அந்தக் கயிறு வரமாட்டேங்குதே சாமி என்று அம்மா ஒருநாள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அழுதால் தாங்காது. இந்தச் சம்பந்தம் வந்ததிலிருந்து அம்மா நடக்கிற நடையே வேறு மாதிரி இருக்கிறது, முட்டி வலியைக் காணோம், பரணில் கிடந்த குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் அந்த விளக்கு மறுபடியும் பரணுக்குப் போகும். முட்டி வலி திரும்ப வரும். அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டான், சோற்றில் கை வைத்துக்கொண்டு யோசிப்பான், அது இன்னும் மோசம். அப்புறம் அவள் நாற்பது ஆவாள், ஐம்பது ஆவாள், மஞ்சளை ஒடித்துக்கொண்டே இருப்பாள், ஜுரத்தில் கிடந்தால் தண்ணீர் எடுத்துத் தர யார் இருப்பார்கள்? பயமாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் பயமாக இருக்காது? அவர் நல்லவராகக்கூட இருக்கலாமே. முதல் கல்யாணம் ஒத்துவராமல் விவாகரத்து ஆகி, அவரும் அடிபட்டுத்தானே வந்திருக்கிறார். காபி நல்லா இருந்துச்சுங்க என்று சொன்ன மனுஷர்தானே.

போன மாசம் பெருந்துறை மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தவளை ஒரு அம்மா வழி மறித்தார். பட்டுச்சேலை, காதில் பெரிய தோடு. மோவாயைப் பிடித்துத் தூக்கினார். “எந்தூரு கண்ணு நீ? யாரு பொண்ணு? மூக்கும் முழியும் எத்தனை லட்சணமா இருக்குது!” கலாமணிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த விரலையே தெரியும். சிரிச்சுக் காட்டு கண்ணு என்ற குரலையே தெரியும். ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை! ஒரு துளி தெரியவில்லை. வீடு தேடி வந்து, உட்கார்ந்து, பஜ்ஜி தின்று, வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒரு பெண்ணின் முகம் அவருக்கு நினைவே இல்லை. பல் மட்டும்தான் அன்றைக்கு வந்து நின்றதா? கலாமணி வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் உதடு ரெண்டும் தானாக ஒட்டிக்கொள்கிறது, முன்னே எல்லாம் இழுத்துப் பிடித்து மூட வேண்டும், இப்போது சும்மா இருந்தாலே மூடியிருக்கிறது. காலையில் கண் விழித்ததும் தொட்டுப் பார்த்துக்கொள்வாள், மூடித்தான் இருக்கிறதா என்று. அந்தச் சுகத்தைச் சொன்னால் யாருக்கும் புரியாது. அன்றைக்கும் மூடியே இருந்தது. அப்புறம் யாரோ விவரம் சொல்லி, “அட, நாம பார்த்த பொண்ணுதானா அது! அப்ப வேற மாதிரியல்ல இருந்துச்சு” என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டுப்போய், மகனுக்கே கேட்டுவிட்டார். வேற மாதிரி. வேற மாதிரி இருந்தவள் யார்? அவள் எங்கே போனாள்?

அவள் எங்கேயும் போகவில்லை. இதோ, டாக்டருடைய ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள் வட்டத்துக்குள்ளே நன்றாகவே தெரிகிறாள். பச்சைத் தாவணி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை, உதட்டுக்கு மேலே ஏறிக்கொண்டு நாலு பல். என்ன பிள்ளை, இங்கே எங்கே வந்தே, என்று கலாமணி கேட்டாள். நீ கூப்பிடவே இல்லை, நானாகத்தான் வந்தேன் என்றாள் அவள், பல் தெரியத்தான் சொன்னாள், பொத்திக்கொள்ளவில்லை. உனக்கு என் மேல கோபமா? ரெண்டு வருஷமா உன்னை இழுத்து இழுத்து உள்ளே தள்ளிட்டேனே. அதற்கு அவள், நீ நேரா இருக்கணும்னு ஆசைப்பட்டே, உன் சம்பாத்தியம், உன் வாய், இதுல எனக்கென்ன கோபம் என்றாள். அப்புறம் ஏன் இப்படிப் பார்க்கிறே? அவள் ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டர் என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்குதா, கரைஞ்சா மட்டும் போதாது, விட்டுட்டு வந்த இடத்தைக் கட்டணும், இல்லாட்டி பல்லு ஆடும்னு சொன்னாங்களே. நீ எட்டு வருஷமா கரையத்தான் கரைஞ்சே. ஆமாம் என்றாள் கலாமணி. கரைந்தேன் பிள்ளை. காபி நல்லா இருந்துச்சுங்க என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கரைந்தேன். அந்த வீட்டுக்குப் போனால் தினம் காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, இது மரியாதைக்கா, நிஜத்துக்கா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்த அம்மா மோவாயைத் தூக்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்வேன். சரி, நீயே சொல். உன்னைத்தானே அன்றைக்கு வேண்டாம் என்றார்கள், என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொன்னால் நான் போகிறேன். ஸ்டூலில் இருந்தவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

மெஷின் நின்றுவிட்டது. அந்த நிசப்தம் காதில் அறைந்த மாதிரி இருந்தது. டாக்டர் நஸ்ரின் கண்ணாடிக் குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கீழே கருஞ்சிவப்பு, மேலே தெளிவான மஞ்சள். விரலியை ஒடித்தால் உள்ளே தெரிகிற மஞ்சள் இல்லை, அதைத் தண்ணீரில் கரைத்து வைத்து ஓரமாக ஊற்றினால் வருகிற இளமஞ்சள். “பார்த்தீங்களா, நல்லா பிரிஞ்சிருக்கு” என்றாள் டாக்டர். எல்லாம் என்னுடையதுதான், எனக்குள்ளேயே கிடந்ததுதான் என்று கலாமணி வாயைப் பிளந்து பார்த்தாள். டாக்டர், ஒரு நிமிஷம், வெளியே எங்கண்ணன் கிட்ட ஒரு வார்த்தை என்று சொல்ல நினைத்தாள். நினைத்தாள்தான். பிளந்த வாய் டாக்டருக்குச் சௌகரியமாகப் போயிற்று. “அப்படியே வெச்சுக்கோங்க.” முதலில் மரத்துப்போக வைக்கிற ஊசி, எறும்புக் கடி மாதிரி. கொஞ்ச நேரத்தில் மேலுதட்டின் இடது பக்கம் வீங்குகிற மாதிரி, வேறு யாருடைய உதட்டையோ கொண்டுவந்து ஒட்டின மாதிரி ஆயிற்று. அப்புறம் மஞ்சள் உள்ளே இறங்கியது. வலி இல்லை, ஓர் அழுத்தம், அவ்வளவுதான். அந்த மேஸ்திரிகள் டீயைக் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எலும்புக்குள்ளே ஒவ்வொருவராக இறங்கிப் போகிறார்கள், வாங்கப்பா வாங்க, இடிக்கறவங்க இந்தப் பக்கம், கட்டறவங்க அந்தப் பக்கம் என்று கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. போய்ச் சொல்லுங்கள். கட்டுகிற ஆட்களை நிறையக் கூப்பிடுங்கள். டாக்டர் பஞ்சைச் சுருட்டி ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் வைத்தாள். “இதைக் கடிச்சுக்கோங்க. கொஞ்ச நேரம் பேசாதீங்க. சிரிக்காதீங்க.” கலாமணி தலையாட்டினாள். வேறு என்ன செய்ய?

வெளியே தங்கவேல் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். எழுந்தான். முகத்தைப் பார்த்தான். மரத்துப்போன பக்கம் தொங்க, நல்ல பக்கம் தானாக மேலே ஏறி, அவள் உதடு ஒரு தினுசாகக் கோணிக்கொண்டு நின்றது. அண்ணன் முகம் மலர்ந்துபோயிற்று. “அட, சிரிக்கறயா? அப்ப சரியா அம்மிணி? வெக்கத்தைப் பாரு!” அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டுவதற்குள் அவன் எண்ணைத் தட்டிவிட்டான், சந்தோஷத்தில் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டான். மணி அடித்தது. நாக்கு கிளம்பிச் சந்துக்குப் போயிற்று. அங்கே பஞ்சு இருந்தது, உட்கார இடம் இல்லை. “சொல்லுங்க தம்பி” என்றது அந்தக் குரல். அந்தக் குரலேதான். “அம்மா, நல்ல விசயந்தானுங்க...” என்று தங்கவேல் ஆரம்பித்தான். கலாமணி வாய்க்குள் விரலை விட்டுப் பஞ்சை எடுத்தாள். அண்ணன் கையிலிருந்து போனை வாங்கினாள், வாங்கினாள் என்ன, பிடுங்கினாள். உதடு ஒத்துழைக்கவில்லை, எச்சில் ஓரமாக வழிந்தது, வார்த்தை குழந்தை பேசுவது மாதிரி வந்தது. ஆனாலும் வந்தது. “நான் கலாமணி பேசறனுங்க. எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க.”

அந்த அம்மா நிஜமாகவே புரியாமல், வஞ்சகம் ஒன்றும் இல்லாமல் கேட்டார். “ஏங்கண்ணு? இப்பத்தான் பல்லெல்லாம் நல்லாயிருச்சே?” அதைக் கேட்டதும் கலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஜ்ஜி நாளில் வந்த அதே சிரிப்பு, வயிற்றிலிருந்து. பாதி உதடு ஏறி, பாதி உதடு கிடந்து, கம்பியும் ரத்தக் கறையும் இடது பக்கத்து ஓட்டையும் தெரிய, அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். “நல்லாயிருச்சுங்க. ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னீங்கள்ல, அந்தப் பல்லுக்காரி, அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டனுங்க. அவ வேண்டாங்கறா.” போனை அணைத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

தங்கவேல் படியிறங்கினான், ஸ்கூட்டரைத் திருப்பினான், சாவியைப் போட்டான், எடுக்காமல் அப்படியே நின்றான். கோபித்துக்கொள்ளப்போகிறான், இல்லை, அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பான் என்று கலாமணி எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குச் சாயங்காலம் அந்தக் குத்துவிளக்கைப் பார்க்க வேண்டும், அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். அது இருக்கத்தான் இருக்கிறது. அவன் திரும்பாமலே சொன்னான். “அன்னிக்கு நீ சிரிச்சயல்ல, பஜ்ஜிக்கு. அப்பா சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. உன் கிட்ட மட்டும் சொன்னதில்லை.” பிறகு, “டாக்டர் பேசக்கூடாதுன்னாங்களே, பஞ்சை வெச்சுக்க அம்மிணி. ஏறு” என்றான். அவள் புதுப் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை அண்ணன் தோளில், இன்னொரு கையில் பை. வண்டி பெருந்துறை ரோட்டில் வேகம் எடுத்ததும் அந்தப் பெரிய மனுஷர் உஸ் உஸ் என்று தலையாட்டியது மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது. பஞ்சோடு சிரித்தாள். பொத்துவதற்குக் கை எதுவும் காலியாக இல்லை.